நோய் பரவும் காலமும் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும்

 



அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குப் பொன்னுக்குவீங்கி என்கிறார்கள். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்கிறார்கள். மழைக்காலம் வந்துவிட்டாலோ வீட்டுக்கு வீடு காய்ச்சலும் இருமலும்தான். இத்தகைய நாட்களில் காலை வேளையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழுகின்றது. இன்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா, வேண்டாமா?

அல்லாஹ் விதித்ததுதான் நடக்கும், அனுப்பி வை என்பார் வாப்பா. வேண்டவே வேண்டாம், ஊரில் நோய் ஓயும் வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்பார் உம்மா. முன்னவர் தவக்குலின் பெயரால் பேசுகிறார். பின்னவர் பாசத்தின் பெயரால் பேசுகிறார். இருவரும் பிள்ளையின் நன்மையைத்தான் நாடுகிறார்கள். ஆனால் இருவருமே ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வகுப்பில் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிறர் வீட்டுப் பிள்ளையைத்தான் சொல்கிறோம்.

இது உலக காரியமாயிற்றே, இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று எவரும் எண்ணிவிடலாகாது. நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர்கள் என்றும், நம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களை எங்கே அனுப்புகிறோம், எந்த நிலையில் அனுப்புகிறோம் என்பதும் அந்த விசாரணையில் அடங்கியதே.

உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழி

ஹள்ரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் தமது ஆட்சிக் காலத்தில் ஷாம் நாட்டை நோக்கிப் பயணமானார்கள். ‘ஸர்க்’ என்னும் இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி அவர்களுக்கு எட்டியது. கலீஃபா தாமாக ஒரு முடிவுக்கு வந்துவிடவில்லை. முதலில் முஹாஜிரீன்களை அழைத்து ஆலோசித்தார்கள். பிறகு அன்ஸாரிகளை அழைத்தார்கள். அதன்பின் குறைஷியரில் மூத்தவர்களை அழைத்தார்கள். முன்னிரு சாராரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மூத்தவர்களோ ஒரே குரலில், மக்களை நோயின் வாய்க்குள் கொண்டுசெல்ல வேண்டாம் என்றார்கள். கலீஃபா திரும்பிவிடத் தீர்மானித்தார்கள்.

அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று ஹள்ரத் அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைப் பசுமையான பக்கத்தில் மேய்ப்பதும் அல்லாஹ்வின் விதிதானே என்று உவமையும் கூறினார்கள். அப்போது அங்கு வந்த ஹள்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையலாகாது, நாம் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்கு அஞ்சி வெளியேறலாகாது எனும் நபிமொழியை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள் (புகாரி, முஸ்லிம்).

அந்த நபிமொழியின் இரு பகுதிகளையும் கவனியுங்கள். நுழையாதே என்பது உன்னைக் காக்க. வெளியேறாதே என்பது உன்னால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்க. நம் வீடுகளில் முதல் பாதியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். இரண்டாம் பாதி நினைவுக்கு வருவதே இல்லை.

தொற்று இல்லை என்பதன் பொருள்

நாயகம் (ஸல்) அவர்களே தொற்று இல்லை என்று கூறியிருக்க, நாம் ஏன் அஞ்ச வேண்டும் என்று சிலர் வாதிப்பதுண்டு. அப்படிப்பட்ட ஹதீது இருப்பது உண்மை. சொறி பிடித்த ஓர் ஒட்டகம் மந்தையில் சேர்ந்து மற்றவற்றுக்கும் சொறியைத் தருகிறதே என்று ஒரு கிராமவாசி கேட்டபோது, முதல் ஒட்டகத்துக்கு அதைத் தந்தது யார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஆனால் நோயுற்ற ஒட்டகங்களை உடையவர், நலமான ஒட்டகங்கள் இருக்குமிடத்துக்கு அவற்றை ஓட்டிவரக் கூடாது என்று கட்டளையிட்டவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் (புகாரி, முஸ்லிம்).

இமாம் நவவி (ரஹ்) போன்ற பெரியார்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்கியிருக்கிறார்கள். நோய் அல்லாஹ்வின் நாட்டமின்றித் தன் சுய சக்தியால் தாவுகிறது என்பது அறியாமைக் காலத்து நம்பிக்கை. முதல் ஹதீது அதை மறுக்கிறது. அல்லாஹ்வின் ஏற்பாட்டில் எது தீங்குக்குக் காரணமாக அமைகிறதோ அதைவிட்டு விலகுமாறு இரண்டாவது ஹதீது பணிக்கிறது. நெருப்புச் சுடுவது அவன் நாட்டத்தால்தான். அதற்காக எவரேனும் குழந்தையை அடுப்பருகே விட்டுவைப்போமா? ஒட்டகத்துக்கே இந்தச் சட்டம் என்றால், வகுப்பறையில் தோளோடு தோள் உரசி அமர்ந்திருக்கும் நம் செல்வங்களுக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்!

மாத்திரை கொடுத்து அனுப்புவது

இங்கேதான் நாம் நம்மை விசாரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல். விடிந்ததும் ஒரு மாத்திரையைக் கொடுக்கிறோம்; உடம்பு சற்றுக் குளிர்கிறது. பரீட்சை இருக்கிறது, வருகைப் பதிவு குறைந்துவிடும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று காரணம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். வாத்தியார் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்கிறோம். பிள்ளைக்குப் பொய்யையும் கற்றுக்கொடுத்து, நோயையும் அதன் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

அந்த வகுப்பில் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். பாடம் நடத்தும் ஆசிரியை கருவுற்றிருக்கலாம். நம் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் ஆறிப்போகும் சின்னம்மை அவர்களுடைய உயிருக்கே உலையாக முடியலாம். ‘ஜெர்மன் தட்டம்மை’ எனப்படும் ருபெல்லா, கருவுற்ற தொடக்க மாதங்களில் தாயைத் தாக்கினால், பிறக்கும் குழந்தைக்குப் பார்வையும் செவியும் இதயமும் பழுதுபடக் கூடும். இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. நம் தொழுகையில் நேர்ந்த குறைக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கலாம். நாம் அறிந்தே பிறருக்கு இழைத்த தீங்குக்கு அவர்களிடமல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும்? யாருக்கு இழைத்தோம் என்பதே தெரியாதபோது யாரிடம் போய்க் கேட்பது?

வருகைப் பதிவு குறையுமே என்ற கவலைக்கும் மார்க்கத்தில் ஆறுதல் உண்டு. ஓர் அடியான் நோயுற்றால், நலமாக இருந்த நாளில் அவன் செய்துவந்த அமல்களின் கூலி அவனுக்கு எழுதப்படுகிறது (புகாரி). மழையும் குளிருமான இரவில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கச் செய்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டவரைப் பள்ளிவாசலுக்கு வர வேண்டாமென்றார்கள். வாடையால் பிறர் வருந்தக் கூடாது என்பதற்காக ஜமாஅத் தொழுகைக்கே சலுகை உண்டு என்றால், நோயால் பிறர் வருந்தாதிருக்க வகுப்பை விடுவது எப்படிக் குற்றமாகும்?

எத்தனை நாள்?

அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு திருமறை நமக்குப் பணிக்கிறது (16:43). நோயைப் பற்றி அறிந்தோர் மருத்துவர்கள். அவர்கள் கூறும் அளவுகளை ஒவ்வொரு தாயும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தட்டம்மை, உடம்பில் தடிப்புத் தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடுகிறது. தடிப்புத் தோன்றி 4 நாள் கழியும் வரை பிள்ளையை வெளியே அனுப்பலாகாது. நோயுற்ற பிள்ளை அறையைவிட்டுப் போன பின்னும் 2 மணி நேரம் வரை அதன் கிருமி காற்றில் நிற்கும். சின்னம்மையில் கொப்புளங்கள் அத்தனையும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டிலிருக்க வேண்டும். பொன்னுக்குவீங்கியில், வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள். வயிற்றுப்போக்கு நின்ற பிறகு 48 மணி நேரம். சாதாரணக் காய்ச்சலில், மாத்திரை கொடுக்காமலேயே 24 மணி நேரம் உடம்பு சுடாமல் இருக்க வேண்டும். மாத்திரையால் தணிந்த சூடு கணக்கில் சேராது.

டெங்கு வேறு வகை. அது பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குத் தாவுவதில்லை. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் பரவுகிறது. நலமான பிள்ளையை வீட்டில் பூட்டிவைத்து, கொல்லைப்புறத்துத் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தண்ணீரைத் தேங்கவிட்டால் யாதொரு பயனுமில்லை.

இதே ஒழுங்கு குர்ஆன் ஓதும் மக்தபுக்கும் மதரஸா விடுதிக்கும் பொருந்தும். ஓதப் போவது பரக்கத்தான காரியம், நோய் ஒன்றும் செய்யாது என்று இருமும் பிள்ளையை உஸ்தாதிடம் அனுப்பலாகாது. ஒரே துவாலையைப் பலர் பயன்படுத்தினால் கண்நோய் பரவும். தும்மும்போது கையாலோ துணியாலோ முகத்தை மூடிக்கொள்வது ஸுன்னத் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நலமான பிள்ளையைத் தடுக்கலாகாது

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊரில் எங்கோ ஒருவருக்கு நோய் என்று கேட்டதும், நலமாயிருக்கும் பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டில் நிறுத்திவைப்பதும் பேணுதலாகாது. கல்வி பிள்ளையின் உரிமை. கொரோனா நோயின்போது 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அன்றைய நிலையில் மூடியது அவசியமாக இருந்தது. பள்ளிவாசல்களே மூடப்பட்டன, வெளிநாடுகளிலிருந்து எவரும் 2020ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் செல்ல முடியவில்லை. ஆனால் அதன் விலையையும் கண்டோம். எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள் எழுத்தையே மறந்தார்கள். கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். வேலைக்குப் போன பையன்களிலும், படிப்பு நின்ற பெண்பிள்ளைகளிலும் பலர் திரும்பி வரவேயில்லை. ஆகவே பள்ளிக்கூடத்தை மூடுவதா என்பதை அரசும் மருத்துவர்களும் தீர்மானிக்கட்டும். அவர்கள் மூடச் சொன்னால் கட்டுப்படுவோம். மூடச் சொல்லாதபோது வதந்தியைக் கேட்டு நாமாக நிறுத்த வேண்டாம். பிள்ளைக்கு நாள்பட்ட நோய் ஏதும் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு நடப்போம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள் (திர்மிதீ). நம் காலத்தில் அந்தக் கயிறுகளில் ஒன்று தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை, ருபெல்லா ஊசி போட்டபோது எத்தனை வதந்திகள் பரவின! 2022இன் இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியிலும், கேரளத்தின் மலப்புரத்திலும் தட்டம்மை பரவியது. இரண்டும் நம்மவர் மிகுதியாக வாழும் இடங்கள். மும்பையில் பச்சிளங்குழந்தைகள் மௌத்தாயினர். நோய் கண்ட பிள்ளைகளில் ஏராளமானோர் ஊசி போடாதவர்கள். பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டதே, அது ஊசியின் மூலம் அல்லாஹ் செய்த உதவியல்லவா? தட்டம்மை ஊசி 9 மாதம் நிறைந்ததும் ஒருமுறை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறை, அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது.

தாய்மார்களின் சிரமம்

பிள்ளையை வீட்டில் வைத்தால் என் கூலி போய்விடுமே என்று ஒரு தாய் கேட்கலாம். அவள் கேட்பது நியாயம். பீடி சுற்றியும், பிறர் வீட்டில் வேலை செய்தும் பிழைக்கும் சகோதரிக்கு, அனுப்பாதே என்று உபதேசம் செய்வது மட்டும் போதாது. அவள் வேலைக்குச் சேர்ந்த வீட்டார் அந்த நாட்களின் கூலியைப் பிடிக்காதிருக்கட்டும். அதே நோய் முன்பு வந்து குணமான அண்டை வீட்டு ராத்தா ஒருவர் அரை நாள் பார்த்துக்கொள்ளட்டும். மஹல்லா ஜமாஅத்தார் பைத்துல்மாலிலிருந்து கைகொடுக்கட்டும். பள்ளிக்கூடத்தாரும் ஒருநாளும் விடுப்பெடுக்காத பிள்ளைக்குப் பரிசு என்று அறிவித்து, காய்ச்சல்காரப் பிள்ளையை வகுப்புக்கு இழுக்காதிருப்பது நலம். குணமாகி வரும் பிள்ளையை எவரும் ஒதுக்கவும் வேண்டாம். தகீஃப் கூட்டத்தாருடன் பைஅத் செய்ய வந்த ஒரு தொழுநோயாளிக்கு, உமது பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், திரும்பிச் செல்லலாம் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பினார்கள் (முஸ்லிம்). அவர் விலகி நின்றார். ஆனால் அவருடைய மதிப்பில் ஒரு குறையும் வைக்கப்படவில்லை.

அன்பர்களே! நாளைக் காலையில் அந்தக் கேள்வி நம் வீட்டில் எழும்போது, என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று மட்டும் கேளாமல், என் பிள்ளையால் யாருக்கு என்ன ஆகுமோ என்றும் கேட்போம். நலமானால் பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்புவோம். நோயென்றால் ஸப்ருடன் வீட்டில் வைத்து மருந்து கொடுப்போம். கொள்ளைநோய்க் காலத்தில், விதித்ததே நேரும் என்ற உறுதியோடு, கூலியை எதிர்பார்த்துப் பொறுமையாகத் தன் இடத்தில் தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டென அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நற்செய்தி வந்துள்ளது (புகாரி).

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எல்லா நோய்களிலிருந்தும் காத்தருள்வாயாக! எங்களால் எவருடைய பிள்ளைக்கும் தீங்கு நேராமலும் காத்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!