தந்தையார் தந்த நாணயம்



தந்தையார் மறைந்தபின் அவர்தம் பெட்டியைத் திறக்கின்றோம். அடியில் ஒரு துணிமுடிச்சு. அதனுள் பழைய வெள்ளி ரூபாய்கள். உடனே எழும் வினா, "என்ன விலை போகும்?" என்பதே. அதற்கு முன் அது யாதென அறிதல் வேண்டும். உள்ளதை உள்ளவாறு காண்பதன்றோ நற்காட்சி!

விக்டோரியா உருவம் பொறித்த ரூபாயில் 1840 முதல் 'குயின்' என்றும், 1877 முதல் 'எம்ப்ரஸ்' என்றும் காணலாம். பின்னர் எட்வர்டு, ஜார்ஜ் உருவங்கள் வந்தன. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். உருவம் மாறினும் வெள்ளி வெள்ளியே. பரியாயம் மாறும், திரவியம் நிலைக்கும். 1940இல் வெள்ளி பாதியளவாகக் குறைந்தது. 1947இன் ரூபாய் நிக்கல்; அது காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது.

புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர். தேய்த்தால் எழுத்தும் ஆண்டும் மங்கும், மதிப்பும் குறையும். விளிம்பைப் பிடித்தெடுத்து, ஈரம் படாமல் தனித்தனித் தாளுறையில் வையுங்கள். தேய்த்து நீக்கற்குரிய மாசு வேறு. அஃது உயிரைப் பற்றிய வினைமாசு.

பங்கிடுங்கால் உடன்பிறந்தார் முகம் திரிந்தால், வெள்ளி இருக்கும். தந்தையார் வளர்த்த உறவு இராது. பொருள் வரைதல் நம் அணுவிரதம். வரைந்துகொண்ட அளவினுள் இக்காசுகளையும் சேர்த்து எண்ணுங்கள். மிகுவதை உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்கு ஆக்குங்கள். ஒன்றிரண்டை மக்களிடம் கொடுத்து, பாட்டனாரின் பொய்யா வாழ்வையும் சொல்லுங்கள். சொல் தவறாமையும் நாணயமே; அது பங்கிடக் குறைவதில்லை.

அறம் வளர்க!