கழகம் யாருடையது?

ஒரு கால்பந்துக் கழகம் யாருக்குச் சொந்தம்? பணம் முடக்கியவருக்கா, அதைத் தம்முடையதெனக் கருதி ஆர்ப்பரித்த ஊருக்கா?

சென்னை சிட்டி என்னும் கழகம் பெயரில் சென்னையைச் சுமந்தாலும், கோவை நேரு விளையாட்டரங்கையே இல்லமாக்கிக்கொண்டது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை அங்கே 3-1 என வென்றது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, ஐ-லீக் பட்டத்தை முதன்முறையாகத் தமிழகத்துக்குக் கொணர்ந்தது. 2021-க்குப் பின் அப்போட்டியில் அதனைக் காணோம்.

நடத்துவோரைக் குறைகூறுதல் எளிது. ஆனால் எந்தக் கழகத்திலும் நட்டம் அவர்கள் தலையிலேயே விழுகிறது. கைதட்டியவர் இழப்பது நுழைவுச்சீட்டின் விலை மட்டுமே. எனவே மூடும் உரிமையும் அவர்களுக்கே என்பது சட்டத்தின் கணக்கு.

நம் இராமநாதபுரக் கடற்கரை அறிந்த கணக்கோ வேறு. கரைவலை சம்மாட்டியுடையது, அவர் பங்கை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் கரையேறும் மீன் அவருடையது மட்டுமன்று. கயிறு பிடித்து இழுத்தவர் அனைவருக்கும் அதில் பங்குண்டு. கழகம் என்னும் வலையிலும் பலருடைய கைகள் இருக்கின்றன: ஆடியவர், பயிற்றுவித்தவர், அந்த ஆட்டத்தைக் கண்டு பந்தெடுத்த சிறுவர். வலையை விற்கலாம், சுருட்டியும் வைக்கலாம். ஆனால் கயிறு பிடித்தவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை அத்துடன் தீர்ந்துவிடுமா? உடைமை ஒருவருடையதாகலாம், அதன் பொறுப்பு பலரை நோக்கியது.