தொழுகையாளி மீது கோபம். தொழுகை மீது ஏன்?

“ஐந்து நேரமும் பள்ளிவாசலே கதி என்று கிடக்கிறவர் செய்கிற வேலையா இது? இவர்களைப் பார்த்தால் தொழவே மனம் வரவில்லை!”

நம் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஹஜ்ஜுக்குப் போய் வந்த அண்ணன், வாப்பா விட்டுச் சென்ற சொத்தில் தங்கைக்குரிய பங்கைக் கொடுக்காமல் காலம் கடத்துகிறார். முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர், மகனுக்குப் பெண் பேசும்போது கைக்கூலியைக் கூசாமல் கேட்கிறார். மதரஸாவில் பிள்ளைக்கு அன்போடு ஓதிக் கொடுக்க வேண்டியவர் பிரம்பையே நம்புகிறார். ஜமாஅத் தகராறில் ஒரு குடும்பத்தையே ஒதுக்கி வைத்து விடுகிறார்கள். பட்டவர் மனம் புண்ணாகிறது. முதலில் அந்த மனிதர்மேல் வெறுப்பு. பிறகு அவர் நிற்கும் பள்ளிவாசல்மேல் வெறுப்பு. நாளடைவில் ஜும்ஆவும் விட்டுப் போகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மார்க்கம் அந்நியமாகி விடுகிறது.

இதை அற்ப விஷயமாக நாம் எண்ணக் கூடாது. சந்தேகத்தால் மார்க்கத்தை விட்டு விலகுகிறவர் உண்டு. மனம் நொந்து விலகுகிறவரும் உண்டு. முன்னவருக்கு விளக்கம் சொல்லலாம். பின்னவரிடம் போய், “பொறுமையாயிருங்கள், மார்க்கப் பெரியவர்களைக் குறை பேசாதீர்கள்” என்று மட்டும் சொன்னால் அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அவருடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபம் யாரைச் சேர வேண்டும் என்பதுதான் கேள்வி.

அந்தத் தங்கையின் வழக்கையே எடுத்துக் கொள்வோம். அண்ணன் தன் உரிமையைப் பறித்து விட்டார் என்கிறார். சரி, அப்படியொரு உரிமை உண்டு என்று சொன்னது யார்? பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு இருப்பதுபோல் பெண்களுக்கும் பங்கு உண்டு, சொத்து கொஞ்சமானாலும் அதிகமானாலும் அது விதிக்கப்பட்ட பங்கு என்று ஸூரத்துன் நிஸாவின் 7-ஆம் வசனம் கூறுகிறது. பங்குகளின் அளவுகளையும் அதே ஸூரா வரையறுக்கிறது. அந்த வரம்பை மீறுகிறவருக்கு நரக நெருப்பு என்று 14-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அப்படியானால் இந்த வழக்கில் திருக்குர்ஆன் யார் பக்கம் நிற்கிறது? ஹாஜியாரின் பக்கமா, தங்கையின் பக்கமா? தங்கையின் பக்கம்தான்! தனக்காகப் பேசும் சாட்சியையே எதிரி என்று எண்ணித் துரத்தி விட்டால் நஷ்டம் யாருக்கு?

கைக்கூலியும் அப்படித்தான். பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொன்ன மார்க்கம், பெண் வீட்டாரிடம் கை நீட்டச் சொல்லவில்லை. ஸூரத்துல் மாஊன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அநாதையை விரட்டுகிறவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும், பிறர் பார்க்கத் தொழுதுவிட்டு அற்பப் பொருளைக் கூட இரவல் தர மறுப்பவனையும் ஒரே மூச்சில் கண்டிக்கிறது. தொழுகிறவர்களில் ஒரு சாராருக்குக் கேடு என்று அல்லாஹ்வே அறிவித்திருக்கும்போது, நம் மனக்குறை மார்க்கத்துக்கு விரோதமானதாகுமா? ஒரு தொழுகையாளியின் அநியாயத்தைக் கண்டு நம் உள்ளம் கொதிக்கிறதென்றால், அதை அளக்கும் படிக்கல்லையே மார்க்கத்திடமிருந்துதான் நாம் வாங்கியிருக்கிறோம்.

இதை வாழ்ந்து காட்டியவர் ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 35-ஆம் ஆண்டு (கி.பி. 656) கலகக்காரர்கள் மதீனாவில் அவர்களுடைய வீட்டை முற்றுகையிட்டிருந்தார்கள். கலீஃபா வீட்டுக்குள் அடைபட்டிருக்க, கலகத் தலைவன் ஒருவன் மக்களுக்கு இமாமாக நின்று தொழுவித்தான். உபைதுல்லாஹ் இப்னு அதீ அவர்கள் கலீஃபாவிடம் வந்து, அவன் பின்னால் தொழுவது எங்களுக்குப் பாவமாகத் தோன்றுகிறதே என்று வருந்தினார்கள். உஸ்மான் (ரலி) அளித்த பதில் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மனிதர் செய்யும் காரியங்களில் மிகச் சிறந்தது தொழுகை. அவர்கள் நல்லது செய்யும்போது அவர்களுடன் சேர்ந்து நல்லது செய்யுங்கள், தீமை செய்யும்போது அந்தத் தீமையிலிருந்து விலகி நில்லுங்கள் என்பதே அதன் கருத்து. யாரைப் பற்றி இப்படிச் சொன்னார்கள்? தம்மை முற்றுகையிட்டிருந்தவர்களைப் பற்றி! அதே முற்றுகையில்தான் அவர்கள் ஷஹீதானார்கள். கலகக்காரன் நிற்கிறான் என்பதற்காகத் தொழுகை அவர்கள் கண்ணில் மதிப்பிழக்கவில்லை. தொழுகிறான் என்பதற்காகக் கலகமும் நியாயமாகி விடவில்லை.

இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்து விடக் கூடாது. ‘மார்க்கம் வேறு, மனிதர் வேறு’ என்பதைத் தவறு செய்கிற பெரிய மனிதர்கள் தங்களுக்குக் குடையாகப் பிடித்துக் கொள்வதுண்டு. அவர்களுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் பாடம் இருக்கிறது. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷா தொழுவித்தபோது 286 வசனங்கள் கொண்ட ஸூரத்துல் பகராவை ஓதத் தொடங்கினார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் ஜமாஅத்திலிருந்து விலகித் தனியாகத் தொழுது முடித்தார். அவரை நயவஞ்சகர் என்று பழித்தார்கள். அவர் நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த உழைப்பாளி இமாமை விட்டு விலகினாரே தவிர, தொழுகையை விட்டு விலகவில்லை. இரண்டாவது, நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பொறுமையை உபதேசிக்கவில்லை, இமாமைத்தான் கண்டித்தார்கள். நீர் மக்களைக் குழப்பத்துக்கு உள்ளாக்குகிறீரா என்று மும்முறை கேட்டு, சிறிய ஸூராக்களை ஓதும்படி கட்டளையிட்டார்கள். முஆத் (ரலி) சாதாரணமானவரா? ஹலால், ஹராமை அறிந்தவர்களில் தலைசிறந்தவர். பின்னர் யமனுக்குப் பொறுப்பாளராக அனுப்பப்பட்டவர். அவர்களுடைய நல்ல நோக்கம்கூட மக்களை விரட்டியபோது கண்டிக்கப்பட்டது என்றால், சுயநலத்தால் மக்களை விரட்டுகிற நம் காலத்துப் பெரியவர்களின் நிலை என்ன?

ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் வாழ்க்கைப் பயணத்தை எழுதிய ‘அல்முன்கித்’ நூலில் இதே நோயைப் பேசுகிறார்கள். அந்த ஆலிம் தொழுவதில்லை, இந்த ஆலிம் வக்ஃபு சொத்தையும் அநாதையின் பொருளையும் தின்கிறார், எனவே நான் மட்டும் ஏன் மார்க்கத்தைப் பேண வேண்டும் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். இமாம் அவர்கள் அந்த ஆலிம்களுக்காக வக்காலத்து வாங்கவில்லை. புறம் பேசுவது ஹராம் என்று தெரிந்தே நீயும் பேசுகிறாய் அல்லவா, அதுபோலத்தான் அவரும், மார்க்கம் பொய்யென்று தெரிந்து அல்ல, ஆசைக்கு அடிமையாகித் தவறுகிறார் என்று விளக்குகிறார்கள். வேறோரிடத்தில், இரத்தம் எடுக்கும் கிண்ணத்தில் தேனை ஊற்றினால் அருவருப்புத் தோன்றலாம். ஆனால் கிண்ணத்தால் தேன் கெட்டு விடுவதில்லை என்றும் உவமை சொல்கிறார்கள்.

வெறுப்பைப் பிரித்தறிய வேண்டியதுபோலவே அன்பையும் பிரித்தறிய வேண்டும். ஒரு நல்ல ஆலிமின் மீதுள்ள பிரியத்தால் மட்டும் மார்க்கத்தைப் பற்றிக் கொண்டவர், அவர் சறுக்கும்போது தாமும் சேர்ந்து விழுவார். ஹிஜ்ரி 11-ல் நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது மதீனாவே நிலைகுலைந்தது. அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள்தாம் எழுந்து நின்று, முஹம்மது (ஸல்) மறைந்து விட்டார்கள், அல்லாஹ்வோ என்றும் உயிரோடிருப்பவன் என்று உணர்த்தி, ஆலு இம்ரானின் 144-ஆம் வசனத்தை ஓதினார்கள். படைப்புகளில் மேலானவரின் மறைவு கூட மார்க்கத்தை விட்டுத் திரும்புவதற்குக் காரணமாகாது என்றால், ஓர் ஊர்ப் பெரியவரின் ஒழுக்கக்கேடு எப்படிக் காரணமாகும்?

மனப்புண் தர்க்கத்தால் ஒரே நாளில் ஆறி விடாது என்பதும் உண்மையே. ஆகவே பட்டவர்கள் முதலில் குறையைக் குறையாகவே சொல்லட்டும். “இவர் என் பங்கைத் தரவில்லை” என்பது வழக்கு. “தொழுகிறவர்களே இப்படித்தான்” என்பது அவதூறு. உரிமையை ஜமாஅத்திலும், தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும் கேட்பதில் தவறே இல்லை. அந்தப் பள்ளிவாசலுக்குப் போக மனம் ஒப்பவில்லையா? வேறு பள்ளிக்குப் போகலாம். பெண்கள் வீட்டிலேயே முஸல்லாவை விரிக்கலாம். இமாமை விட்டு விலகிய அந்த உழைப்பாளியைப்போலத் தொழுகையை மட்டும் கையில் வைத்துக் கொள்ளட்டும்.

பிள்ளைகளிடம் மட்டும் இந்தப் பாகுபாட்டை எதிர்பார்க்க முடியாது. பிரம்படி வாங்கும் குழந்தைக்கு உஸ்தாதே மார்க்கம். அவனுக்கு உபதேசம் செய்வதை விட்டு, பெற்றோர் உஸ்தாதிடம் பேச வேண்டும். திருந்தாவிட்டால் வேறு உஸ்தாதிடம் ஓத அனுப்ப வேண்டும். தாடியும் தொப்பியும் தாங்கிய நாமும் ஒன்றை நினைவில் வைப்போம். நம்மைப் பார்த்து ஒருவர் பள்ளிவாசலின் படி ஏறலாம். நம்மைப் பார்த்தே ஒருவர் படி இறங்கியும் போகலாம். இறங்கிப் போனவரைப் பற்றி நம்மிடமும் கேள்வி உண்டு.

மனிதரின் குறையால் மார்க்கத்தை இழந்து விடாத உள்ளத்தையும், நம் குறையால் பிறர் மார்க்கத்தை இழந்து விடாத வாழ்க்கையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.