பசித்திருத்தலும் பசி தீர்த்தலும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி சிறிய பகுதிதான். எனினும் 1568-இல் எழுந்த யூதர் ஆலயம், கொங்கணி மக்களின் திருமலைக் கோயில், சமணர் ஆலயம், பள்ளிவாசல்கள், 1653-இல் நிகழ்ந்த கூனன் குரிசு சபதத்தின் நினைவைப் போற்றும் தேவாலயம் ஆகிய அனைத்தும் அங்கே நடந்தே சென்று காணும் தொலைவில் உள்ளன.

2025-ஆம் ஆண்டில் பிப்ரவரி 26 அன்று மகாசிவராத்திரி வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ரமலான் நோன்பு பிறந்தது. மார்ச் 5 அன்று லத்தீன் முறைக் கத்தோலிக்கர்களின் தவக்காலம் தொடங்கியது. சிரியன் கத்தோலிக்கர்கள் அதற்கு இரு நாள் முன்பே, திங்களன்று, தங்கள் பெரிய நோன்பில் புகுந்திருந்தனர். இத்தகைய ஊரில் அடுத்தடுத்த இல்லங்களில் மனிதர்கள் விரும்பிப் பசித்திருந்த நாட்கள் அவை.

தவக்காலத்தின் முதல் நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'திருநீற்றுப் புதன்' என்பர். மலையாளத்தில் அது 'விபூதி புதன்'. முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ஆரவாரத்துடன் ஏந்திய ஓலைகளை எரித்த சாம்பலே நெற்றியில் இடப்படுகிறது. உடல் நிலையாதது என்னும் உண்மையை உணர்த்தத் திருநீறு அணியும் நமக்கு இதன் பொருள் விளங்காமல் போகாது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உணவின்றி வாடும் ஏழை ஆண்டு முழுவதும் பட்டினி கிடக்கிறான். அவனை நாம் தவசி என்பதில்லை. அப்படியானால் பசித்திருப்பது எவ்வாறு தவமாகும்?

ஏழையின் பசியை உணர்வதற்காகவே நோன்பு என்று பலரும் விடை கூறுவர். இது பாதி உண்மையே. நோன்பிருப்பவனுக்குத் தன் பசி முடியும் வேளை தெரியும். அவனது அடுக்களையில் அரிசி இருக்கிறது. ஏழையின் பசிக்கு முடிவு வேளை இல்லை. அச்சமும் அவமானமும் அதனுடன் சேர்ந்திருக்கின்றன. ஒருவேளை உண்ணாதிருந்துவிட்டு, 'ஏழையின் துயரை அறிந்துவிட்டேன்' என்று எண்ணுவது அகங்காரத்தின் நுட்பமான வடிவமே.

நோன்பின் பயன் வேறு. நமக்கு எவ்வளவு குறைவாகப் போதும் என்பதை அது காட்டுகிறது. நாம் உண்ணாத பங்கு யாருக்குரியது என்றும் கேட்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏதென்ஸ் அறிஞர் அரிஸ்டைடிஸ், அக்காலக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியுள்ளார். வறியவனுக்குக் கொடுக்கத் தங்களிடம் மிகுதி இல்லையெனில், அவர்கள் இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்து அந்த உணவை அவனுக்கு அளித்தனராம். பசியைப் பொறுக்கும் தவசியின் ஆற்றலைவிட, பிறர் பசியைத் தீர்ப்பவரின் ஆற்றலே பெரிது என்பது வள்ளுவரின் முடிவு.

'அப்படியானால் நோன்பு எதற்கு? கொடுத்தால் போதாதா?' எனலாம். மிகுதியிலிருந்து கொடுப்பவன் மேலே நின்று கொடுக்கிறான். தன் பங்கிலிருந்து கொடுப்பவனோ, தானும் தேவையுள்ளவன் என்பதை அறிந்து கொடுக்கிறான். பிற்பகலில் தன் உடல் தளர்வதைக் கண்டவனின் கையில் ஏளனம் இராது.

பெரிய வியாழன் இரவில் கேரளத்தின் தோமா கிறிஸ்தவர் இல்லங்களில் புளிக்காத பெசகா அப்பம் செய்து பகிர்ந்துண்பர். அவ்வாண்டு மரணம் நிகழ்ந்த வீட்டில் அதைச் செய்வதில்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் கொண்டுவந்து தருவர். துயருற்றவர் வாய்திறந்து கேட்கும் முன்பே அவர் வாசலை அடைவதுதான் கருணை. விரத நாளில் நம் இல்லத்தில் மிஞ்சும் ஒருபிடி அரிசியும் அவ்வாறே ஒரு வாசலைச் சென்றடையட்டும்.