நின்றுபோகும் தூது

உலகில் ஏறத்தாழ நாலில் ஒருவர் உடலில் ஈராப்-2 என்ற புரதம் உருவாவதே இல்லை. அவர்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் பெரும்பாலும் வருவதில்லை, நன்றாகவே வாழ்கிறார்கள்.

ஒரு செல்லுக்குள் கிருமி புகுந்தால் அதன் புரதங்கள் துண்டு துண்டாகின்றன. அந்தத் துண்டுகளை அளவாக நறுக்கும் கத்திகளில் ஒன்று ஈராப்-2. நறுக்கிய துண்டை எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் ஏந்திச் சென்று செல்லின் வெளிப்பரப்பில் காட்டுகின்றன. சுற்றிவரும் டி செல்கள் அதைக் கண்டு, உள்ளே பகை இருப்பதை உணர்கின்றன. இத்தனை முக்கியமான வேலை. ஆனாலும் நாலில் ஒருவருக்கு அந்தக் கத்தி இல்லை.

காரணம் ஒரே ஓர் எழுத்து. மரபணுவில் ஏ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஜி இருக்கிறது. மரபணுவைப் படியெடுத்து, வேண்டாத பகுதிகளை வெட்டி, மிஞ்சியதை ஒட்டினால்தான் தூது ஆர்.என்.ஏ. முழுமையாகும். ஜி வந்துவிட்டால் வெட்டும் இடம் பிசகுகிறது; செய்தியின் நடுவிலேயே 'நிறுத்து' என்ற குறி முளைத்துவிடுகிறது. செல் அத்தகைய தூதை நம்புவதில்லை, சிதைத்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஜி வாங்கியவருக்கு ஈராப்-2 கிடையாது.

வெறும் பிழை என்றால் காலம் இதைக் களைந்திருக்கும். ஆனால் இரண்டு வடிவங்களும் உலக மக்களிடையே ஏறக்குறையச் சரிபாதியாக நிற்கின்றன. மிக நெடுங்காலமாக இயற்கை இரண்டையும் கைவிடாமல் வைத்திருக்கிறது என்பதே 2010இல் வந்த ஆய்வின் முடிவு.

ஏன்? 1348இல் லண்டனைக் கொள்ளைநோய் தாக்கியபோது ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளையும், டென்மார்க்கில் கிடைத்த எலும்புகளையும் ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வெளியானது. ஈராப்-2 உள்ளவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்றது. பிற ஆய்வாளர்கள் அந்தக் கணக்கு வலுவற்றது என்று மறுத்தார்கள். அவர்களின் ஐயம் நியாயமானது. சில நூறு பேரின் எலும்புகளிலிருந்து ஒரு கண்டத்தின் கதையைச் சொல்வது எளிதல்ல. ஆனால் மறுபக்கத்துக்கு இன்றைய நோயாளிகளே சான்று. புரதத்தைத் தரும் அந்த நல்ல வடிவமே, குடலை அழற்சியால் வாட்டும் குரோன் நோயின் அபாயத்தையும் கூட்டுகிறது. கிருமியைக் காட்டிக்கொடுக்கும் கூர்மை, சொந்த உடலையும் கீறுகிறது.

எதிர்ப்பாற்றல் என்பதைத் தனி ஆளின் சொத்தாகவே நினைத்துப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த நோயையும் தாங்கும் ஒற்றை உடலை இயற்கை இதுவரை செய்ததில்லை. ஒருவர் விழும் இடத்தில் இன்னொருவர் நிற்கும்படி நம்மை வெவ்வேறாகச் செய்திருக்கிறது. என்னைக் காப்பதில், என்னிடம் இல்லாத எழுத்தைச் சுமப்பவருக்கும் பங்குண்டு.

கருவிலேயே மரபணுவைத் திருத்தலாம் என்று பேசுகிற காலம் இது. ஈராப்-2இல் எந்த எழுத்தை வைப்பது, எதை அழிப்பது? அடுத்த நூற்றாண்டில் எந்தக் கிருமி வரும் என்று அறிந்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.