கணு மாறாத மரவை

மரத்தில் காயம் பட்ட இடத்தில் முண்டு எழுகிறது. கத்தி வெட்டாக இருக்கலாம், பூச்சியாக, பூஞ்சையாக இருக்கலாம். அங்கே உறங்கிக் கிடந்த மொட்டுகள் கிளையாக வெளிவர முயன்று, முடியாமல், ஒன்றன்மேல் ஒன்றாக மரத்துக்குள்ளேயே புதைந்துபோகின்றன. நேராக ஓட வேண்டிய நார் அவற்றைச் சுற்றி முறுகிச் சுழித்து ஓடுகிறது. அறுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மொட்டும் ஒரு கண்ணாகத் தெரியும். இப்படிப்பட்ட மரம் தூணுக்கும் ஆகாது, வளைக்கும் ஆகாது. பலகை அறுத்தால் திருகிக்கொள்ளும். மரக்காலையில் விறகு விலைதான். அதையே கடைச்சல்காரர் வாங்கி, பட்டையை விளிம்பில் விட்டு மரவையாகக் கடையும்போது, நேர்நார் மரத்தில் ஒருநாளும் கிடைக்காத கோலம் வெளிப்படுகிறது.

மருதனார்மடத்திலிருந்து இணுவிலுக்கும் உடுவிலுக்கும் செம்மண் தோட்டங்களூடே போகும் ஒழுங்கைகளில் இந்த முண்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. மதில்கள் எழும்பிய பிறகும் மிஞ்சி நிற்கும் வேலிகளில் பூவரசங் கதியால்கள் உண்டு. ஆட்டுக்கும் தோட்டத்து உரத்துக்கும் என்று ஆண்டுதோறும் குழை வெட்டப்படுகிறது. வெட்டுவது எப்போதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். அங்கே மரம் தளிர்க்கும், மறுபடி வெட்டுப்படும், மறுபடி தளிர்க்கும். பல வருடங்களில் கதியாலின் தலை பருத்து, முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிடுகிறது. பூவரசின் வைரம் செம்பழுப்பு நிறம். முண்டிலோ அது கருஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளுமாகக் கலந்து கிடக்கும். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நிற்கும் இதே மரத்தைப் பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவினர் ‘மிலோ’ என்று அழைத்து, உணவுக் கிண்ணம் செய்யப் பயன்படுத்தினர்.

இந்த முண்டைச் சைவ சித்தாந்தம் சொல்லும் ஆணவ மலத்துக்கு ஒப்பிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். அது பொருந்தாது. ஆணவம் அநாதி, செம்பில் களிம்புபோல உயிரோடு என்றும் உள்ளது. முண்டு அப்படியல்ல. மரம் முளைக்கும்போது அது இல்லை. வெட்டு விழுந்தது, வந்தது. ஆகவே அது கன்மத்துக்கே நெருங்கியது. கன்மத்திலும், சேர்ந்து கிடக்கும் சஞ்சிதத்தைவிட, உடம்போடு வந்து உடம்பில் நின்று அனுபவித்துக் கழியும் பிராரத்தத்துக்கே இந்த ஒப்பு சரியாக அமையும். சீவன்முத்தருக்கும் உடல் உள்ளவரை பிராரத்தம் உண்டு என்கிறது சித்தாந்தம். வினையின் தழும்பு அவரிடமும் இருக்கிறது. ஆனால் அது அவரைக் கட்டுவதில்லை. கடைந்த மரவையிலும் முண்டு அப்படியேதான் இருக்கிறது.

உலகத் தோற்றத்தை விளக்கச் சித்தாந்த நூலோர் வழிவழியாகக் காட்டுவது குயவனை. மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இதில் ஒரு இடம் மட்டும் சற்று இடறுகிறது. குயவனின் மண் எந்த வடிவுக்கும் இணங்கும். எல்லா உருண்டையும் ஒன்றே. ஆனால் இறைவன் உயிர்களுக்கு உடல் கொடுப்பது அவரவர் வினைக்கு ஏற்ப என்று அதே சித்தாந்தம் சொல்கிறது. இந்த ஒரு இடத்தில் முண்டு கடைபவரே குயவரைவிடப் பொருத்தமான உவமை. அவர் தான் நினைத்த வடிவை மரத்தின்மேல் ஏற்ற முடியாது. முண்டின் போக்கே வடிவைத் தீர்மானிக்கிறது.

வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் இது விளங்கும். அடிமரத்தை நெடுக்காகப் பிளந்து, நடுச்சோற்றை நீக்கி, பாதியை எடுத்துக்கொள்வார்கள். பட்டைப் பக்கம் மரவையின் வாய்; பிளந்த பக்கம் அடி. மரம் உருளை என்பதால் வாய் வட்டமாக மட்டம் பிடிக்காது. மரத்தின் நெடுக்குத் திசையில் இரண்டு இடம் உயர்ந்தும் குறுக்கே இரண்டு இடம் தாழ்ந்தும், குதிரைச் சேணம்போல வரும். அடிமரத்தில் புடைத்த முண்டானால் அந்த ஒழுங்கும் இல்லை. விளிம்பு தன்போக்கில் ஏறி இறங்கும். கடைச்சல் இயந்திரத்தில் அது சுழலும்போது உளி ஒரு கணம் மரத்தில் படும், மறுகணம் வெறுங்காற்றில் இருக்கும். உளியை அழுத்தித் தள்ளினால் காற்றில் வழுக்கி உள்ளே போய், எதிரே வரும் மரத்தில் மோதி விளிம்பைப் பிய்த்துவிடும். கூரான உளியைத் தாங்கியில் அசையாமல் வைத்து, மரம் தானாக வந்து வெட்டுப்படும்வரை காத்திருக்க வேண்டும். வேகமாகச் சுழலும் விளிம்பு கண்ணுக்கு வெறும் நிழல்தான். விரல் பட்டால் போயிற்று. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலைக்கு நிற்கவே கூடாது. முண்டுக்குள் பட்டை மடிந்து கிடந்தால் துண்டு தெறிக்கும். வேலி மரமானால் அது விழுங்கிய ஆணியும் முள்ளுக்கம்பியும் உள்ளே இருக்கும். போர் நடந்த மண்ணில் நின்ற மரத்தில் ஷெல் சன்னமும் இருக்கக்கூடும்.

ஈரமரத்தை ஒரே மூச்சில் 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்புக்கு, விளிம்பிலிருந்து அடியை நோக்கிக் கடைந்து இறங்குவது வழக்கம். கீழே போன பிறகு விளிம்புக்குத் திரும்ப முடியாது. அதற்குள் மரம் அசைந்திருக்கும். காயும்போது மரவை இன்னும் கொஞ்சம் கோணும். அதைக் குற்றமாக இந்தக் கைத்தொழிலில் எவரும் கொள்வதில்லை. பட்டை நிற்பதும் காலத்தைப் பொறுத்தது: மரம் தளிர்விடும் நாட்களில் வெட்டினால் பட்டைக்குக் கீழே உள்ள உயிர்ப்படை ஈரமாக இருந்து கழன்றுவிடும்.

திருமூலர் மரத்தால் செய்த யானையைக் காட்டுகிறார். யானையைக் காண்பவனுக்கு மரம் மறைகிறது, மரத்தைக் காண்பவனுக்கு யானை மறைகிறது. தேர்ந்த தச்சரின் வேலை இந்த மறைப்பிலேயே நிறைவு காண்கிறது. பொம்மையில் மரம் தெரிந்தால் பொம்மைக்குத்தான் குறை. பட்டை விளிம்பு மரவை இதற்கு விலக்கு. உட்புறம் இழைத்த கிண்ணம், விளிம்பில் பட்டை. ஒரே பார்வையில் இரண்டும் அகப்படுகின்றன. கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் (1872–1964) பொல்லாப்பு என்று ஒன்றும் இல்லை எனத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்ததை, முண்டை விறகென்று ஒதுக்கியவரைவிட அதைக் கடைந்தவர் கிட்டத்தில் அறிவார்.

கைத்தொழிலையும் வழிபாட்டையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் மருதனார்மடத்துக்குப் புதிதல்ல. 1913 இல் இங்கே பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தாய்மாமன் மகன்தான் ஆனந்த குமாரசுவாமி. நிலவியல் அறிஞராக இலங்கைக்கு வந்த அவர், கைவினைஞரின் பட்டறைகளில் ஈடுபாடு கொண்டு, 1908 இல் கண்டிநாட்டுக் கலைத்தொழில்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

மரத்தின் இயல்பான விளிம்பை உலகறியச் செய்தவர்களில் ஒருவரான ஜோர்ஜ் நகஷிமாவும் (1905–1990) தமிழ்நிலத்தில் வாழ்ந்தவரே. ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரான இவர், அரவிந்தர் ஆச்சிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்ட 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்தார். அங்கேயே சாதகராகிச் சம்பளத்தை மறுத்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயரிட்டார். அமெரிக்கா திரும்பியபின் உலகப்போர்க் காலத்தில் முகாமில் அடைக்கப்பட்டபோது, அங்கிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் மரவேலையின் நுட்பங்களைக் கற்றார். பின்னாளில் அவர் செய்த மேசைகளில் வெடிப்பை மறைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதித்து, வெடிப்பு வெடிப்பாகவே தெரியவிட்டார். விளிம்பை நேராக அறுக்கவுமில்லை.

பட்டை விளிம்பு மரவை கறிக்கும் நீருக்கும் உகந்ததல்ல. பூவும் பழமும் வைக்கலாம். எண்ணெயும் தேன்மெழுகும் பூசினால் போதும். வீட்டு வேலியில் பழைய பூவரசு விழும்போது பருத்த தலையை அடுப்புக்கு வெட்டிவிட வேண்டாம். அறுத்த முகங்களில் அன்றே உருக்கிய மெழுகைத் தடவி, வெயில் படாமல் நிழலில் வைத்து, கடைச்சல் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.