மதாயின் ஸாலிஹ் ரயில் நிலையம்

இறைவனுக்கென்று அர்ப்பணித்த ஒரு காரியம் பாதியிலே சிதைந்துவிட்டால், அதற்குப் பொருள் கொடுத்தவனுடைய புண்ணியமும் உடன் சிதையுமோ என்ற வினா எழும்போதெல்லாம், சவூதி அரேபியாவின் வடமேற்கே, அல்உலாவுக்கு அருகில் பாலைவனத்தில் நிற்கும் மதாயின் ஸாலிஹ் ரயில் நிலையமே என் நினைவுக்கு வரும்.

துருக்கிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900-இல் தொடங்கிய ஹிஜாஸ் ரயில் பாதை, டமாஸ்கஸிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சென்று, 1908-இல் மதீனாவை எட்டியது. ஒட்டகக் கூட்டத்தோடு நாற்பது நாள் நடந்த ஹஜ்ஜு யாத்திரை சில நாட்களாகச் சுருங்கிற்று. அயல்நாட்டுக் கடன் வாங்காமல், இந்தியா உட்படப் பல தேசத்து முஸ்லிம்கள் ஈந்த நன்கொடையும், குர்பானிப் பலி விலங்குகளின் தோலை விற்ற பணமும், உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தில் பிடித்த தொகையும் சேர்ந்து அமைந்த பாதை அது. சம்பளத்தில் பிடித்ததைத் தர்மம் என்பதா, வரி என்பதா என்று கேட்பாரும் உண்டு.

இறைத்தூதர் ஸாலிஹை மறுத்து அழிந்த ஸமூது கூட்டத்தாரின் ஊர் என்று கருதப்பட்டு, நபிகள் நாயகம் விரைந்து கடக்கச் சொன்னதாக ஹதீஸ் கூறும் மதாயின் ஸாலிஹில், கோட்டையும் கிணறும் இருந்தமையால் ஹஜ்ஜுக் கூட்டங்கள் இறங்கத்தான் செய்தன; சாஸ்திரத்தினும் தாகம் வலிது போலும். அங்கேதான் இந்தப் பாதையின் நிலையமும் என்ஜின் கொட்டகையும் ஊழியர் குடியிருப்புமாக ஒரு சிற்றூர் எழுந்தது.

யாத்ரிகருக்கு உபகாரமான அந்தப் பாதையே, ஒட்டகங்களை வாடகைக்கு விட்டும் வழித்துணையாகச் சென்றும் பிழைத்த பதூயின் மக்களின் சோற்றில் கை வைத்தது. சுல்தானின் துருப்புகளும் அதிலே விரைந்து வந்தன. ஆகவே 1916-இல் துருக்கிய ஆட்சிக்கு எதிராக அரபுக் கிளர்ச்சி மூண்டு, தண்டவாளங்களுக்கு வெடி வைக்கப்பட்டபோது, பதூயின்களில் பலர் அதில் சேர்ந்ததில் வியப்பில்லை. முதல் உலகப் போருக்குப் பின் மதீனா வரையிலான ஓட்டம் நிலைகொள்ளவேயில்லை.

காசு கொடுத்த ஏழையின் நிய்யத்து வேறு, அதைக் கொண்டு ஆட்சியை இறுக்க எண்ணிய அரசனின் நோக்கம் வேறு. வெடிமருந்து தகர்த்தது பின்னதையே என்பது என் துணிபு. ஆனால் தர்மம் செய்ய முனைவோர், அதனால் எவன் வயிறு காயும் என்று முதலில் விசாரித்தாக வேண்டும். நல்லெண்ணம் அந்தக் கடமையினின்று நம்மை விடுவிப்பதில்லை.

மக்கா வரை போடக் கருதிய பாதை மதீனாவோடு நின்றது. அவ்விரு நகரங்களையும் இணைத்து, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 2018-இல்தான்.